காலையில் 900, மாலையில் 1000: சமூகத் தொழில்முனைவு என்றால் என்ன?

மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கு விடிகாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். காய் வியாபாரம் தொடங்கும் முன்பே அங்கே பண வியாபாரம் நடந்துகொண்டிருக்கும். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு அக்கா வருவார். தண்டல்காரர் ஒன்பது நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுப்பார். கையெழுத்து கிடையாது, ரசீது கிடையாது. அந்தக் காசில் கத்தரிக்காய், வெண்டைக்காய், நாலு கட்டு கொத்தமல்லி வாங்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், ஏதாவது ஒரு தெருமுனையில் சாக்கு விரித்து உட்கார்வார். சாயங்காலம் தண்டல்காரர் வரும்போது ஆயிரமாகத் திருப்பித் தர வேண்டும்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருபது வருடமாக இப்படித்தான் யாவாரம் செய்கிறார். "ஒரு நாளைக்கு நூறு ரூவாதான தம்பி, போனாப் போகுது" என்பார்.

அந்த நூறு ரூபாயைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். வருடத்தில் 300 நாள் வியாபாரம் என்று வைத்தால் வட்டி மட்டும் 30,000 ரூபாய். கையில் புரள்வது என்னவோ அதே 900 ரூபாய்தான். மாதச் சம்பளக்காரர் ஒருவர் வங்கியில் 12 சதவீத வட்டிக்கு 900 ரூபாய் கடன் வாங்கினால் ஒரு வருடத்துக்கு அவர் கட்டும் வட்டி 108 ரூபாய். பணம் ஒன்று, ஊர் ஒன்று. ஒருவருக்கு விலை 108, இன்னொருவருக்கு 30,000.

தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே இவற்றைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. ஆனால் நாலு மணிக்குச் சட்டம் எழுந்திருப்பதில்லை.

பொருளாதார ஏற்றத்தாழ்வு என்றதும் நாம் வருமானத்தைத்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். 2022-23-ல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதமும், மொத்தச் சொத்தில் 40.1 சதவீதமும் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதம் பேரிடம் இருந்தன என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. இது வரவுப் பக்கத்து ஏற்றத்தாழ்வு. செலவுப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்தான் பல பொருள்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். மொத்தமாக வாங்க முடியாதவர் சில்லறையாக வாங்குகிறார், சில்லறைக்கு விலை அதிகம். குழாய் இணைப்பு இல்லாத வீடு தண்ணீரைக் குடக்கணக்கில் வாங்குகிறது. ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போக முடியாதவர் முற்றிய பிறகு போய், நகையை அடகு வைக்கிறார். ஏழையாக இருப்பதற்கே தனியாக ஒரு வரி கட்டுகிற மாதிரி.

சமூகத் தொழில்முனைவு என்ற பெரிய பெயரை நான் புரிந்துகொண்ட இடம் இதுதான். அந்த வரியை ரத்து செய்யப் பார்க்கும் தொழில் அது.

தர்மமா, வியாபாரமா?

ஒரு குறையைத் தீர்க்க நமக்குப் பழக்கமான வழிகள் மூன்று. ஒன்று தர்மம்: அன்னதானம், இலவச முகாம், பள்ளிக்கு நோட்டுப் புத்தகம். கொடுப்பவர் கை நிற்கும்போது அதுவும் நின்றுவிடும். இரண்டாவது அரசு: அதன் கை நீளம், ஆனால் எல்லாத் தெருமுனைக்கும் எட்டுவதில்லை. மூன்றாவது வியாபாரம்: லாபம் இருக்கும் இடத்துக்குத் தானாகப் போகும், இல்லாத இடத்தை எட்டிக்கூடப் பார்க்காது.

சமூகத் தொழில்முனைவு இந்த மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்ட நாலாவது வழி. ஏழைகளுக்குக் கிடைக்காத ஒன்றை, அல்லது கொள்ளை விலையில் கிடைக்கும் ஒன்றை, அவர்கள் கைக்கு எட்டும் விலையில் கொண்டு சேர்ப்பதுதான் இதில் முதல் வேலை. தன் செலவை, முழுக்கவோ பெரும்பகுதியோ, அந்த வேலையின் வருமானத்திலேயே பார்த்துக்கொள்ளும். லாபம் வரலாம், தப்பில்லை. வந்த லாபம் முதலாளி வீட்டுக்குப் போகிறதா, அடுத்த ஏழைக்குப் போகிறதா என்பதில்தான் விஷயம்.

இங்கே பலரும் குழம்புவதுண்டு. ஏழைக்குப் பொருள் விற்றாலே சமூகத் தொழில்முனைவு ஆகிவிடாது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவருடைய மகன் ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை தொங்கவிட்டார். பாட்டில் வாங்க வக்கில்லாத வீடுகளுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது. அபாரமான வியாபார மூளை, சந்தேகமே இல்லை. ஆனால் அது வியாபாரம்தான். நாளைக்கு வேறு பொருளில் லாபம் அதிகம் என்றால் அங்கே போகலாம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. சமூகத் தொழில்முனைவோருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. எந்தக் குறைக்காகக் கடை திறந்தாரோ, அந்தக் குறை தீரும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

1980-ல் அமெரிக்காவில் பில் டிரேடன் 'அசோகா' என்ற அமைப்பைத் தொடங்கி இப்படிப்பட்டவர்களைத் தேடித் தேடி ஆதரித்த பிறகுதான் இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. அவர் அமைப்புக்கு வைத்த பெயர் நம் சக்கரவர்த்தி அசோகருடையது. பெயர் புதிதாக இருக்கலாம், காரியம் பழசு. அமெரிக்காவில் அந்தச் சொல் பிரபலமாகும் முன்பே மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் அந்தக் காரியம் நடந்துகொண்டிருந்தது.

பதினோரு படுக்கை

எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918-ல் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்கிற கை இது இல்லை என்றானதும் கண் மருத்துவத்துக்கு மாறினார். தன் விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு, அதே விரல்களால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். மதுரையில் அரசுப் பணியில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார்.

நம் ஊரில் 58 வயதில் ஓய்வு பெற்றவர் பேப்பர் படிப்பார், பேரனைப் பள்ளியில் விடுவார். இவர் 1976-ல் அண்ணா நகரில் பதினோரு படுக்கையோடு ஒரு மருத்துவமனை திறந்தார். ஆறு படுக்கை காசில்லாதவர்களுக்கு, ஐந்து காசு கொடுப்பவர்களுக்கு. கடன் எளிதில் கிடைக்கவில்லை. வீடு அடமானம் போனது, குடும்பத்துப் பெண்களின் நகையும் போனது. தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள், அவர்களும் கூடவே இறங்கினார்கள். புதுச்சேரி ஆசிரமத்து அரவிந்தர் மேல் பக்தி கொண்டவர் என்பதால் மருத்துவமனைக்கு அரவிந்த் என்று பெயர்.

ஆறுக்கு ஐந்து என்ற அந்தக் கணக்கில்தான் சூட்சுமம். காசு கொடுக்கும் ஐந்து பேரிடம் வெளியில் வாங்குவதைவிட அதிகமாக வாங்கவில்லை. அப்படியென்றால் மற்ற ஆறு பேருக்கான செலவு எங்கிருந்து வந்தது?

பதில் அறுவை அரங்கில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் டாக்டர் கண்புரையை எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் தயார் செய்து வைத்திருப்பார்கள். இந்தக் கண் முடிந்ததும் நுண்ணோக்கி அந்தப் பக்கம் திரும்பும், டாக்டரும் திரும்புவார். நடுவில் காத்திருப்பு கிடையாது. டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை டாக்டர் செய்கிறார். பார்வை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, நோயாளிக்குப் பக்குவம் சொல்வது எல்லாவற்றையும், கிராமத்தில் பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு வந்து இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இப்படி ஓர் அரவிந்த் மருத்துவர் வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 அறுவை சிகிச்சை செய்கிறார். மற்ற இடங்களின் சராசரியைவிட இது பல மடங்கு.

இதைக் காசுக் கணக்கில் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஓர் அறுவை அரங்கை நடத்த, சம்பளம், மின்சாரம், கருவி எல்லாம் சேர்த்து மாதம் 10 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 200 அறுவை சிகிச்சை நடந்தால் ஒன்றுக்கு 5,000 ரூபாய் விழும். 1,000 நடந்தால் ஒன்றுக்கு 1,000 ரூபாய். இட்லிக் கடைக்காரருக்குத் தெரிந்த கணக்குதான். அடுப்பு எரிகிறது, ஒரு ஈடு வைத்தாலும் அதே விறகு, நாலு ஈடு வைத்தாலும் ஏறக்குறைய அதே விறகு. கூட்டம் கூடக்கூட ஆளுக்கு ஆகும் செலவு குறைகிறது. இலவச நோயாளிகள் அந்தக் கூட்டத்தைக் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டம்தான் செலவைக் குறைக்கிறது. ஆக இலவச நோயாளி இங்கே பாரமாக இல்லை, எந்திரம் ஓடுவதே அவரால்தான்.

டாக்டர் வெங்கடசாமிக்கு மெக்டொனால்ட்ஸ் கடைகள் மேல் ஒரு வியப்பு இருந்தது. எந்த ஊரில் வாங்கினாலும் அதே தரம், அதே வேகம் எப்படி வருகிறது என்று யோசித்தவர், கண் சிகிச்சையையும் ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார். அரவிந்தரையும் பர்கரையும் ஒரே மூச்சில் நினைத்த மனிதர்!

இங்கே எனக்குப் பிடித்தது ஒரு சின்ன நடைமுறை. இலவசப் பிரிவா, கட்டணப் பிரிவா என்பதை வருகிறவரே முடிவு செய்கிறார். வருமானச் சான்றிதழ் கொண்டு வா, ரேஷன் கார்டைக் காட்டு என்பதில்லை. அறை வசதியில் வித்தியாசம் உண்டு, சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பவர்கள். தாலுகா ஆபீசில் 'ஏழை' என்று நிரூபிக்க ஒரு நாள் கூலியை விட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சோடாபுட்டியும் லென்ஸும்

எண்பதுகளில் கண்புரை ஆப்பரேஷன் செய்துகொண்ட தாத்தாக்களை நினைத்துப் பாருங்கள். மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி இருக்கும். புரை படிந்த லென்ஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் வெளியே அந்தத் தடிக் கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மனிதர் மறுபடியும் குருடுதான். கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை லென்ஸ் அதற்குள் வந்துவிட்டது, ஆனால் இறக்குமதிச் சரக்கு. ஒன்றின் விலை 100 டாலரை ஒட்டி இருந்தது. எனவே வசதியானவர் கண்ணுக்குள் லென்ஸ், வசதியில்லாதவர் மூக்கின் மேல் சோடாபுட்டி. ஏற்றத்தாழ்வை இதைவிடப் பளிச்சென்று காட்டும் படம் எனக்குத் தெரியாது. மனிதரின் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

விலை குறையட்டும் என்று காத்திருக்காமல், 1992-ல் அரோலேப் என்ற தொழிற்கூடத்தை மதுரையிலேயே தொடங்கினார்கள். டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர் தொழில்நுட்பம் கொண்டுவர உதவினார். லென்ஸ் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று அந்த லென்ஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. விலை குறைந்ததால் அரவிந்தில் மட்டுமல்ல, வேறு எங்கெங்கோ உள்ள ஏழைகளின் சோடாபுட்டியும் கழன்றது. சமூகத் தொழில்முனைவு தர்ம ஆஸ்பத்திரியில் இருந்து பிரியும் இடம் இது. தர்ம ஆஸ்பத்திரி நூறு பேருக்கு லென்ஸ் வாங்கிக் கொடுக்கும். இவர்கள் லென்ஸின் விலையையே மாற்றிவிட்டார்கள்.

"ஆட்டுக்கு யாருடா தண்ணி காட்டுறது?"

இலவசம் என்றால் ஓடிவருவார்கள் என்று நாம் நினைக்கிறோம். என் அப்பத்தாவின் ஊருக்கு இலவசக் கண் முகாம் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் அப்பத்தா போகவில்லை. ஒரு கண்ணில் பார்வை அறவே போய், மறு கண்ணும் மங்கிக்கொண்டிருந்த நேரம். "சும்மாதான அப்பத்தா பண்றாங்க, போனா என்ன?" என்று கோபப்பட்டேன்.

"ஆட்டுக்கு யாருடா தண்ணி காட்டுறது? ஒங்க சித்தப்பன் கூட வந்தா ரெண்டு நாக் கூலி போச்சு. பஸ்சுக்கு? அங்கன திங்கிறதுக்கு? சும்மாவாம்ல, சும்மா."

எனக்கு வாயடைத்துவிட்டது. அப்பத்தா போட்ட கணக்கில் இலவச ஆப்பரேஷனுக்கு நாலு விலை இருந்தது, நான் ஒன்றைத்தான் பார்த்திருந்தேன்.

அரவிந்தும் இதே பாடத்தைப் படித்தது. முகாமில் பரிசோதித்து, ஆப்பரேஷனுக்கு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் பலர் வரவில்லை. ஏன் என்று போய்க் கேட்டார்கள். அப்பத்தாவின் பதில்தான் ஊருக்கு ஊர் கிடைத்தது. அதன் பிறகு முகாமிலிருந்தே பஸ்சில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, தங்கவைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது என்றானது. முகாமின் செலவை அந்தந்த ஊர் லயன்ஸ் சங்கம், ஆலை, கோயில் டிரஸ்ட் என்று யாராவது ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படியும், கண்ணில் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. இவ்வளவு பெருமை பேசும் மாதிரிக்கு அது நல்ல குட்டு.

2004 முதல் சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் திறக்கத் தொடங்கினார்கள். ஓர் அறை, பயிற்சி பெற்ற ஒரு பெண், கண்ணைப் படம் பிடிக்கும் கருவி, மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரோடு பேச வீடியோ இணைப்பு. சின்னக் கட்டணம் உண்டு. பக்கத்து ஊர் என்பதால் கூலியும் போகாது, ஆட்டுக்கும் தண்ணீர் காட்டலாம்.

வேறு சில கடைகள்

மார்க்கெட் அக்காவைப் போலவே கடனில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் வங்கதேசத்தில் இருந்தார். சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த முகமது யூனுஸ், 1976-ல் பக்கத்தில் இருந்த ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னும் ஒரு பெண்ணைப் பார்த்தார். மூங்கில் வாங்க வியாபாரியிடம் ஐந்து டாக்கா (வங்கதேசத்து நாணயம்) கடன், பின்னியதை அதே வியாபாரிக்கே விற்றாக வேண்டும். நாள் முழுக்க உழைத்து அவர் கையில் நின்றது 50 பைசா. அந்தக் கிராமத்தில் இப்படி மாட்டிக்கொண்ட 42 பேரின் மொத்தக் கடனைக் கூட்டினால் 856 டாக்காதான் வந்தது, அன்றைய மதிப்பில் 27 டாலர். யூனுஸ் தன் பையிலிருந்து கொடுத்தார். அங்கே தொடங்கியது 1983-ல் கிராமீன் வங்கியானது, 2006-ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியது. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-லேயே உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கி, குப்பத்துச் சிறுவியாபாரிப் பெண்களுக்குக் கடன் கிடைக்க வழி செய்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பெங்களூருவில் 1995-ல் செல்கோ நிறுவனத்தைத் தொடங்கிய ஹரீஷ் ஹண்டே சூரிய விளக்கு விற்கப் போனபோது, ஒரு தெரு வியாபாரி அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறார்: மாதம் 300 ரூபாய் என்றால் என்னால் முடியாது, நாளைக்குப் பத்து ரூபாய் என்றால் முடியும். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தினமும் சம்பாதிப்பவருக்கு ஒன்றில்லை. தண்டல்காரருக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும், வங்கிக்குத் தெரிய இவ்வளவு காலம் ஆயிற்று.

மலிவாக நாப்கின் செய்யும் எந்திரத்தை உருவாக்கிய கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் கதையைச் சொல்லவே வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். அவர் நினைத்திருந்தால் தானே நாப்கின் தயாரித்து விற்றிருக்கலாம். அதற்குப் பதில் எந்திரத்தைச் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். நாப்கின் மலிவானது, செய்கிற வேலையும் அந்தப் பெண்களுக்கே போனது. இதில் ஒரு சிக்கலும் உண்டு: தயாரிப்பதைவிட விற்பது கஷ்டம். டிவியில் விளம்பரம் வரும் கம்பெனிச் சரக்குக்கு எதிரே, பக்கத்துத் தெரு அக்கா செய்ததை வாங்க மனம் வர வேண்டும். குழுக்கள் பல தடுமாறுவது அங்கேதான்.

கடை திசைமாறும்போது

இனிப்பான பக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் பொய்யாகிவிடும். ஏழைகளுக்குச் சிறுகடன் என்ற யூனுஸின் யோசனை இந்தியாவுக்கு வந்து, லாபத்துக்கான தொழிலாக வேகமாக வளர்ந்தது. ஐதராபாத்தின் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் தொண்டு நிறுவனமாகத் தொடங்கி, கம்பெனியாக மாறி, 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் ஆந்திரத்தில் ஒரே பெண்ணுக்கு நாலைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்திருந்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போய், வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் செய்தியாயின. அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, வசூல் முடங்கியது, தொழிலே ஆடிப்போனது. பிறகு ரிசர்வ் வங்கி, தான் அமைத்த மாலேகாம் குழுவின் பரிந்துரைப்படி, தனி விதிகள் வகுத்தது.

முதலீட்டாளருக்கு வளர்ச்சி வேண்டும். வளர்ச்சி வேண்டுமென்றால் கடன் தேவையில்லாதவருக்கும் கடன் கொடுக்க வேண்டும். கந்துவட்டியிலிருந்து காப்பாற்ற வந்த கை எந்த நிமிடத்தில் கழுத்தைப் பிடிக்கத் தொடங்கியது என்று தேதி குறித்துச் சொல்ல முடியாது. எனவே 'சமூக நோக்கு' என்று போர்டு வைத்த எந்த இடத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, லாபத்துக்கும் நோக்கத்துக்கும் சண்டை வந்தால் முடிவெடுப்பவர் யார் என்பதை. டிரஸ்ட் என்றால் ஒரு பதில், பங்குதாரர் என்றால் வேறு பதில்.

சட்டத்தில் 'சமூக நிறுவனம்' என்று இந்தியாவில் தனியாக ஒரு பதிவு கிடையாது. டிரஸ்டாக, சங்கமாக, கூட்டுறவாக, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக, அல்லது 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் பதிவு செய்யலாம். அந்த 8-ஆவது பிரிவுக் கம்பெனி லாபம் பார்க்கலாம், உரிமையாளர்களுக்குப் பங்கு பிரித்துத் தர முடியாது. இப்படிப்பட்ட அமைப்புகள் பணம் திரட்ட 2019 பட்ஜெட்டில் அறிவித்த சமூகப் பங்குச் சந்தைக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் 2022-ல் வந்தன. தொடங்க ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் இந்தப் பதிவுக் குழப்பத்தில்தான் மாட்டுவார்கள். என் கருத்தில் அது கடைசி வேலை. முதல் வேலை அப்பத்தாவிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்பது.

இன்னொன்று. சமூகத் தொழில்முனைவு வந்துவிட்டது, இனி அரசு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று சிலர் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். காமராஜர் காலத்தில் 1956-ல் வந்த மதிய உணவையும், எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சத்துணவையும் எந்தத் தொழில்முனைவோரும் நடத்தியிருக்க முடியாது. பசித்த பிள்ளையிடம் கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு என்று கணக்குப் போட முடியாது. அரவிந்துக்கேகூட இலவசக் கண்புரை சிகிச்சைகளுக்கு அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலிருந்து ஒரு பங்கு பணம் வருகிறது. லென்ஸ் விலையை ஒரு தொழிற்கூடம் குறைக்கலாம். நிலம் யார் பெயரில் இருக்கிறது, கூலி எவ்வளவு, எந்தச் சாதிக்காரருக்கு எந்த வேலை என்பதையெல்லாம் எந்தத் தொழிற்கூடமும் மாற்றிவிடாது. அதற்குச் சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும், ஓட்டு வேண்டும்.

மார்க்கெட் அக்காவிடம் போன மாதம் கேட்டேன். தெரு வியாபாரிகளுக்கு 2020-ல் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் அவருக்கும் பத்தாயிரம் ரூபாய் கடன் கிடைத்திருந்தது. வட்டியில் மானியமும் உண்டு. அந்தப் பத்தாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டால் தண்டல்காரரே வேண்டாமே?

"அது வந்த அன்னிக்கே மகளுக்கு காலேஜ் பீசு கட்டிட்டேன் தம்பி. மொத்தமா கைக்கு வந்தா மொத்தமாத்தான் போகும். எனக்கு வேண்டியது விடியக்காலம் நாலு மணிக்கு தொள்ளாயிரம். நாலு மணிக்கு எந்த பேங்க்காரன் வந்து நிப்பான்?"

சொல்லிவிட்டு முந்தானையை உதறி முடிந்துகொண்டு, வெண்டைக்காய் ஏலம் போகும் பக்கம் வேகமாக நடந்தார்.